பெல் வால்வு மட்டமா?

பழைய ரேடியோ, பழைய ஆம்ப்ளிபையர்னு கிறுக்குப் பிடிச்சு அலையற நம்ம கோஷ்டிக்குள்ள எழுதப்படாத ஒரு வர்ணாசிரமம் இருக்கு மக்களே. உச்சாணிக் கொம்புல ஜெர்மனியோட டெலிஃபங்கன். அடுத்த கிளையில இங்கிலாந்தோட மல்லார்ட், ஹாலந்து பிலிப்ஸ், பிலிப்ஸோட அமெரிக்க அவதாரமான ஆம்பரெக்ஸ். அதுக்குக் கீழ ஆர்சிஏ, ஜிஇ, சில்வேனியா. அப்புறம் ரஷ்யாக்காரன், சீனாக்காரன். எல்லாத்துக்கும் கீழ, வாசல்ல செருப்பு விடற இடத்துல, "அட, பெல்லா... வேற ஏதும் இருக்கா?"ன்னு கேக்கப்படற நம்ம பெங்களூர் வால்வு.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இந்த வரிசை காதால கேட்டுப் போட்டது இல்ல, அட்டைப்பெட்டியைப் பார்த்துப் போட்டது. இதை நம்பி, நல்லா பாடிக்கிட்டிருக்கற ஆம்ப்ளிபையரோட குடலை உருவி வால்வை மட்டும் விக்கறாங்க. எங்க ஊர் முட்டத்துலயும் அது நடக்க இருந்துச்சு. அந்த வயித்தெரிச்சல்லதான் இவ்வளவு நீளம். ஆணி அதிகம் உள்ளவங்க ராத்திரி சாவகாசமா படிங்க :-)

டிஸ்கி: நான் பெங்களூர்ல பொட்டி தட்டறவன். படிச்சது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். நாலு வருஷத்துல வால்வுக்குன்னு ஒரு வகுப்பு கூட நடக்கலை. டிரான்சிஸ்டர்லதான் உலகமே தொடங்குச்சுங்கற மாதிரி பாடம். கத்துக்கிட்டதுல பாதி பழைய டேட்டா ஷீட்ல, மீதி ஊர்ல மைக் செட் வெச்சிருக்கற மாமா கிட்ட.

தெரியாதவங்களுக்கு ரெண்டு பத்தி. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். வால்வுங்கறது குண்டு பல்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி. காத்தை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பிக்குள்ள நடுவுல ஒரு மெல்லிய நிக்கல் குழாய், அதுக்குப் பேரு கேத்தோடு. அதுக்குள்ள ஹீட்டர். சூடானதும் கேத்தோடு எலக்ட்ரானைக் கக்கும். வெளியில சுத்தி நிக்கற தகடு, அதாவது பிளேட், 250 வோல்ட் பாசிட்டிவ்ல உக்காந்து அதை இழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல கம்பி சுத்தின கிரிட். கிரிட்ல சின்னதா வோல்ட்டை ஏத்தி இறக்கினா, ஓடற கரண்ட் அதே மாதிரி ஏறி இறங்கும். குளத்து மதகு மாதிரின்னு வெச்சுக்குங்க. பிரிட்டிஷ்காரன் அதுக்கு வால்வுன்னு பேர் வெச்சான். அமெரிக்கக்காரனுக்கு அது டியூப். வால்வு ரேடியோன்னே சொல்லிப் பழகின நமக்கு வால்வு.

பேருக்கும் ஒரு இலக்கணம் உண்டு. ஐரோப்பிய முறையில முதல் எழுத்து ஹீட்டர். 'ஈ'ன்னா 6.3 வோல்ட். அடுத்த எழுத்துங்க உள்ள என்ன இருக்குன்னு சொல்லும். 'சி' ட்ரையோடு, 'எஃப்' பென்டோடு, 'எல்' ஸ்பீக்கரைத் தள்ளற அவுட்புட் பென்டோடு, 'இசட்' ரெக்டிஃபையர். எண் 8-ல தொடங்கினா 9 பின் வெச்ச சின்ன அடி. ஆக ஈசிசி83ன்னா ஒரே குப்பிக்குள்ள ரெண்டு ட்ரையோடு. அமெரிக்கக்காரன் இதையே 12ஏஎக்ஸ்7ங்கறான். 1947-ல ஆர்சிஏ கொண்டு வந்தது, இன்னிக்கும் கிட்டார் ஆம்ப்ளிபையர்ல ஓடிக்கிட்டிருக்கு. ஈஎல்84, 1953-ல பிலிப்ஸ் விட்ட குட்டி அவுட்புட் வால்வு. இந்தப் பதிவு முழுக்க இந்த ரெண்டு பேரும்தான் கதாநாயகனுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

செத்துப் போன வால்வு ஒண்ணைத் துணியில சுத்தி உடைச்சுப் பாருங்க (கண்ணாடி போட்டுக்கிட்டு). அதுக்கப்புறம் எந்த வால்வையும் அலட்சியமாப் பேச மாட்டீங்க. மேலயும் கீழயும் வட்டமா ரெண்டு மைக்கா தகடு. அதுல ஊசிமுனை ஓட்டைங்க. அந்த ஓட்டைங்கதான் கேத்தோடு, கிரிட், பிளேட் எல்லாத்தையும் இடம் மாறாம பிடிச்சுக்கிட்டு நிக்குது. கிரிட்டைப் பார்க்க பூதக்கண்ணாடி வேணும். ரெண்டு தண்டுல தலைமுடியை விட மெல்லிய கம்பியை சீரா சுத்தியிருப்பாங்க. கேத்தோடுக்கும் அதுக்கும் இடைவெளி மில்லிமீட்டர்ல சின்னப் பங்கு. அந்த இடைவெளி கொஞ்சம் கூடினா, குறைஞ்சா வால்வோட குணமே மாறும். ஈசிசி83-க்கு பெருக்கல் எண் 100-னு டேட்டா ஷீட்ல போட்டிருக்கறது, அந்த இடைவெளியும் கம்பிச் சுத்தும் சரியா அமைஞ்சாத்தான் நிஜம்.

கேத்தோடு மேல வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கறது பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு. 700 டிகிரிக்கு மேல சூடாகித்தான் அது எலக்ட்ரான் குடுக்குது. குப்பியோட தலையில உள்பக்கமா வெள்ளி பூசின மாதிரி மினுக்கும் பாருங்க, அது கெட்டர். பேரியத்தை உள்ள வெச்சே ஆவியாக்கி கண்ணாடியில படிய வெச்சது. மிச்சம் மீதி காத்தை அது தின்னுடும். அந்த வெள்ளி பால் மாதிரி வெளுத்துட்டா உள்ள காத்து போயாச்சு, வால்வுக்கு கருமாதிதான். இதுக்கு மீட்டர் வேண்டாம், கண்ணு போதும்.

இங்க ஒரு சின்ன சுத்து. ரேடியோ நிலையத்துல இருக்கற பெரிய டிரான்ஸ்மிட்டர் வால்வுங்க பலதுல ஆக்சைடு பூச்சு கிடையாது. கொஞ்சம் தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பிதான் எலக்ட்ரானைத் தரும். தோரியம்னதும் எங்க ஊர்க்காரன் காது விடைக்கும். ஏன்னா முட்டத்துக்குப் பக்கத்துல மணவாளக்குறிச்சி. அங்க கடற்கரை மண்ணுல மோனசைட் இருக்கறதை 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடிச்சார். அப்ப அதைத் தோண்டி எடுத்துட்டுப் போனது பெட்ரோமாக்ஸ் மாதிரி கேஸ் விளக்கோட மேன்டிலுக்கு. வெளிச்சத்துக்குப் போன தோரியம் அப்புறம் சத்தத்துக்கும் வேலை செஞ்சதுங்கறது எனக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான், திரும்பிடலாம்.

இப்ப ஒப்பீடு. என் கிட்ட, நண்பர் ஒருத்தர் குடுத்ததையும் சேர்த்து, நாலு ஈசிசி83 இருக்கு. டெலிஃபங்கன் ஒண்ணு. பிளேட் வழவழன்னு மேடு பள்ளம் இல்லாம இருக்கும், கண்ணாடிக்கு அடியில பின்களுக்கு நடுவுல டைமண்ட் வடிவ அச்சு. அந்த அச்சுக்காகவே ஆளுங்க அடிச்சுக்கறாங்க. மல்லார்ட் ஒண்ணு, பிளாக்பர்ன் தொழிற்சாலையில செஞ்சது. நீளப் பிளேட், சுமார் 17 மில்லிமீட்டர், வரி வரியா மடிப்பு. மூணாவது பெல். வரி போட்ட சாம்பல் பிளேட், மேல வட்ட வளையமா கெட்டர். நாலாவது ஸ்லோவாக்கியாவுல ஜேஜே கம்பெனி இப்ப செய்யற புதுசு, குட்டைப் பிளேட்.

பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா டெலிஃபங்கன் அசெம்பிளி அழகுதான், மறுக்கல. வெல்டு வெச்ச இடம் ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி. மல்லார்ட் கொஞ்சம் மனுசத்தனமா இருக்கு, ஒரு வெல்டு சாய்ஞ்சிருக்கு. பெல்லை அதுக்குப் பக்கத்துல வெச்சா ரெண்டும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைங்கன்னு தெரியும். மைக்கா வெட்டு, கிரிட் தண்டு, பிளேட் மடிச்ச விதம் எல்லாம் பிலிப்ஸ் வீட்டுச் சாயல்.

அதுல ஆச்சரியம் இல்ல. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-ல பெங்களூர் ஜாலஹள்ளியில தொடங்கினது. (அந்த பெல் சர்க்கிள் சிக்னல்ல நான் கழிச்ச காலத்துல ஒரு ரேடியோவே கட்டியிருக்கலாம்.) 1961-ல ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சாங்க, பிலிப்ஸோட தொழில்நுட்பத்தோட. மல்லார்டும் பிலிப்ஸ் குடும்பம்தான். ஆக இங்கிலாந்து மாப்பிள்ளையும் பெங்களூர் மாப்பிள்ளையும் ஒரே வீட்டு வரைபடம். 1962-ல ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பக்கமும் போனாங்க, 1964-ல ஆல் இந்தியா ரேடியோவுக்கு டிரான்ஸ்மிட்டர். அந்தக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டுல மர்ஃபியோ புஷ்ஷோ, ரிப்பேருக்கு வந்தா மெக்கானிக் கைக்குக் கிடைச்சது பெல் வால்வு. சிலோன் ரேடியோவை எங்க கடற்கரைக்கு இழுத்துட்டு வந்ததுல அதுக்கும் பங்கு உண்டு. 1984 அக்டோபர் 30-ல நாட்டோட முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவில்ல வந்தப்போ, டிரான்சிஸ்டருக்குப் பக்கத்துல சில வீட்ல இந்த வால்வுப் பெட்டியும் இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம் இந்த பிராண்ட் பக்தர்களுக்கு வசதியா மறந்துடும். மேல அச்சடிச்ச பேரும் உள்ள செஞ்ச தொழிற்சாலையும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே இல்ல. கம்பெனிங்க ஒருத்தர் கிட்ட ஒருத்தர் வாங்கித் தன் பேரைப் போட்டு வித்தாங்க. பிலிப்ஸ் குடும்ப வால்வா இருந்தா கண்ணாடியோட அடிப்பக்கம் மங்கலா ரெண்டு வரி செதுக்கியிருக்கும். அதுல 'பி' இருந்தா பிளாக்பர்ன், முக்கோணம் இருந்தா ஹாலந்து ஹேர்லன். அதுதான் ஜாதகம். மேல இருக்கற பெயிண்ட் வெறும் நெத்திப் பொட்டு. இன்னிக்கு கடையில புதுசா 'மல்லார்ட்'னு வாங்கினீங்கன்னா அது ரஷ்யாவோட சரத்தோவ்ல செஞ்சது. பேரோட உரிமையை நியூ சென்சார்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்கி வெச்சிருக்கு. டங்-சோல் பேரும் அவங்க கிட்டதான்.

இப்ப சத்தம். இங்கதான் சண்டை வரும்.

மல்லார்ட் 'வெதுவெதுப்பு', டெலிஃபங்கன் 'தெளிவு', ஆர்சிஏ 'கெட்டி'ன்னு வர்ணனை படிச்சா எனக்கு கல்யாணப் பந்தி ஞாபகம் வரும். சாம்பாரை வாயில வைக்கறதுக்கு முன்னாடியே சமையல்காரர் பேரைக் கேட்டுட்டு 'ஆகா'ங்கற மாமாக்கள். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை நண்பர்கள் மூணு பேரை உக்கார வெச்சேன். நானே கட்டின சின்ன மோனோ ஆம்ப்ளிபையர். முன்னாடி ஒரு ஈசிசி83, பின்னாடி ஒரு ஈஎல்84. வால்வை மாத்தி, சூடாக விட்டு, மறுபடி கேக்கறதுக்குள்ள முன்ன கேட்டது காதுல நிக்காது. அதனால நாலு வால்வையும் ஒவ்வொண்ணாப் போட்டு, அதே பாட்டை கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணி, சத்த அளவைச் சமமாக்கி, பேர் சொல்லாம கலைச்சுப் போட்டேன்.

சத்த அளவைச் சமமாக்கறது முக்கியம். வால்வுக்கு வால்வு பெருக்கம் கொஞ்சம் மாறும். கொஞ்சம் கூட சத்தமா இருக்கறதை மனுசக் காது 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிடும். 'வால்வை மாத்தினதும் திரை விலகின மாதிரி இருந்துச்சு'ங்கற கதைங்கள்ல பலதுக்கு அர்த்தம் இதுதான்னு நான் நினைக்கறேன்.

முடிவு? யாராலயும் பிராண்டைச் சொல்ல முடியலை. மல்லார்ட் மோகத்துல முன்னணியில நிக்கற நண்பர் 'இதான் மல்லார்ட்'னு கை காட்டினது பெல். (அவர் இன்னும் என்னோட பேசறார், பெரிய மனசு.) மூணு பேரை வெச்சு நடத்தினது விஞ்ஞானம் இல்ல, தெரியும். ஆனா அந்த வர்ணாசிரமத்துக்கு இந்த அளவு சோதனையும் இருந்ததா நான் பார்க்கலை.

வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. ரெண்டு விஷயத்துல பளிச்சுனு தெரிஞ்சது. ஒண்ணு இரைச்சல். பாட்டு இல்லாதப்போ 'உஸ்ஸ்'னு வர்றது. இதுல டெலிஃபங்கன் ஜெயிச்சது. பெல்லுல ரெண்டு ட்ரையோடுல ஒண்ணு அமைதி, இன்னொண்ணு மழைச்சாரல். ரெண்டாவது மைக்ரோஃபோனிக்ஸ். வால்வைப் பென்சிலால தட்டினா ஸ்பீக்கர்ல மணி அடிக்கும். உள்ள இருக்கற கம்பிங்க அதிர்றதால வர்றது. இதுல அதிகமா மணியடிச்சது யாருன்னு நினைக்கறீங்க? நீளப் பிளேட் மல்லார்ட்! தகடு நீளமா இருந்தா ஆடறதும் அதிகம். அமைதியா இருந்தது குட்டைப் பிளேட் புதுசு. அதனால கிராமபோன் ரெக்கார்டோட ஊசியில இருந்து வர்ற நுணுக்கமான சிக்னலைப் பெருக்கற முதல் இடத்துக்கு, தேர்ந்தெடுத்த இரைச்சல் இல்லாத வால்வுக்குக் காசு குடுக்கறது நியாயம். ஆனா தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தக் குறிப்பிட்ட வால்வை. அதோட குலத்தை இல்ல.

அப்ப 'வால்வு சவுண்டு'ன்னு ஒண்ணு இருக்கே, அது எங்கேருந்து வருது?

ஈஎல்84-ஓட பழைய டேட்டா ஷீட்டைப் பாருங்க. 250 வோல்ட், 5.2 கிலோஓம் லோடு, ஒத்தை வால்வுக்கு 5.7 வாட். பக்கத்துலயே எழுதியிருக்கும், டிஸ்டார்ஷன் 10 சதவீதம். பத்து! இன்னிக்கு மலிவு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் கூட ஒரு சதவீதத்துக்குப் பல மடங்கு கீழ நிக்கும். ஆனா எல்லாச் சேதமும் ஒரே சேதம் இல்ல. ட்ரையோடு பெரும்பாலும் போடறது ரெண்டாவது ஹார்மோனிக். 'ஸ' பாடினா மேல் ஸ்தாயி 'ஸ' லேசா ஒட்டிக்கிட்டு வரும். மூணாவது ஹார்மோனிக்னா மேல் ஸ்தாயி 'ப'. ரெண்டும் சுருதிக்குள்ளதான் இருக்கு. அதான் காது அதைச் சேதம்னு எடுத்துக்காம 'கனம்'னு எடுத்துக்குது. இதுல ஒரு வேடிக்கை. ரெண்டு அவுட்புட் வால்வை எதிரெதிரா வெச்ச புஷ்-புல் அமைப்புல, ஜோடி பொருந்தியிருந்தா அவுட்புட் வால்வு போடற அந்த ரெண்டாவது ஹார்மோனிக் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடும். இந்த விவரம் தெரியாம புஷ்-புல் ஆம்ப்ளிபையரைப் பார்த்து 'இரட்டைப்படை ஹார்மோனிக் இனிமை'ன்னு ஜல்லியடிக்கறவங்க நிறைய.

இது எல்லாம் சர்க்யூட் தீர்மானிக்கறது. நெகட்டிவ் ஃபீட்பேக் வெச்சிருந்தா இன்னும் மோசம், அதாவது பிராண்டுக்கு. 1950கள்ல மல்லார்டே தன் வால்வை விக்கறதுக்காக வெளியிட்ட பிரபலமான '5-10' சர்க்யூட், அஞ்சு வால்வு பத்து வாட், நல்லா ஃபீட்பேக் குடுத்த டிசைன். 20 டெசிபல் ஃபீட்பேக்னா வால்வுக்கு வால்வு இருக்கற பெருக்க வித்தியாசம் பத்துல ஒண்ணாச் சுருங்கிடும். வால்வு மாறினாலும் ஆம்ப்ளிபையர் மாறக் கூடாதுங்கறதுதான் அந்தக் கால இன்ஜினியரோட லட்சியம். நாம அவர் மூஞ்சியிலயே 'வால்வு மாத்தினதும் உலகமே மாறிடுச்சு'ங்கறோம்.

அடுத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வோட கிலோஓமையும் ஸ்பீக்கரோட எட்டு ஓமையும் கல்யாணம் பண்ணி வைக்கற தரகர். பாஸ் எங்க அறுபடுது, ட்ரெபிள் எங்க மங்குது எல்லாம் இவர் கையில. எத்தனை அடுக்கா சுத்தினாங்க, என்ன இரும்புங்கறதுல இருக்கு வித்தை. அதுக்கு அட்டைப்பெட்டி கிடையாது, பிராண்ட் கிடையாது, அதனால யாரும் பேசறதும் கிடையாது.

முட்டம் கதைக்கு இப்பத்தான் வர்றேன். பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த ஊர்னு (1981) உங்களுக்குத் தெரிஞ்ச அதே முட்டம். அங்க மைக் செட் மாமாவோட ஆம்ப்ளிபையர், நாகர்கோவில்ல ஒரு மெக்கானிக் கையால அசெம்பிள் பண்ணினது. டிரான்ஸ்ஃபார்மர் அவரே சுத்தினது. அவுட்புட்ல ரெண்டு ஈஎல்84, அதிர்ஷ்டவசமா, இல்ல துரதிர்ஷ்டவசமா, மல்லார்ட். முன்னாடி ரெண்டு ஈசிசி83, பெல். ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதிலா எப்பவோ டையோடு ஏறிடுச்சு. கோளாம்பின்னு நாங்க சொல்ற குழாய் ஸ்பீக்கர். கோயில் திருவிழா கொடியேத்தத்துலேர்ந்து பத்து நாளும் ஓடின பெட்டி. அந்தக் குழாய்ல பாஸ்னு ஒண்ணு வராது, கீழ் ஸ்தாயி எல்லாம் வாசலோட நின்னுடும். ஆனா கடல் காத்தைக் கிழிச்சுக்கிட்டு மனுசக் குரல் மட்டும் அப்படியே வந்து சேரும். நடு ஸ்தாயியை அந்த மெக்கானிக் சுத்தின டிரான்ஸ்ஃபார்மர் குடுக்கற விதம் தனி. என் கணக்குல அந்தச் சத்தத்துல பாதிக்கு மேல குழாய், மீதியில பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மர். வால்வுக்கு மிச்சம் கிடைக்கறது கொசுறு.

எங்க ஊர்ல வால்வைக் கொல்றது வயசு இல்ல, உப்பு. கண்ணாடிக்கு உப்பு ஒண்ணும் பண்ணாது. ஆனா சாக்கெட்டோட கிளிப் பச்சை பிடிச்சுடும். கரகரன்னு சத்தம் வந்தா 'வால்வு போச்சு'ன்னு தூக்கிப் போடுவாங்க. சாக்கெட்டைச் சுரண்டித் துடைச்சா பல நேரம் அதே வால்வு பாடும். இன்னொரு கொலைகாரன் கப்ளிங் கெப்பாசிட்டர். அது கசிஞ்சா அவுட்புட் வால்வோட கிரிட்டுக்கு பாசிட்டிவ் ஏறி, பிளேட் செக்கச் செவேல்னு பழுத்துடும். அந்த நிலையில எந்த விலை உயர்ந்த வால்வைக் கொண்டு வந்து போட்டாலும் அதுவும் சாகும். சில ரூபாய் கெப்பாசிட்டரை மாத்தாம ஆயிரக்கணக்குல வால்வு வாங்கறவங்களைப் பார்த்திருக்கேன்.

இந்தப் பெட்டியைத் தேடி வெளியூர்லேருந்து ஒரு வியாபாரி வந்தார். பெட்டி வேண்டாம், குழாய் வேண்டாம், போட்டுக் கேக்கக் கூட இல்ல. ரெண்டு மல்லார்டை மட்டும் கழட்டித் தரச் சொன்னார். சொன்ன விலை நல்ல விலைதான். பெல் ரெண்டையும் கையால கூடத் தொடலை. மாமா போன்ல என்கிட்ட சொன்னது: "மக்கா, அவன் பெட்டியப் பாக்கல. வால்வு மேல எழுதுன எழுத்தத்தாம்லே பாக்கான். அத எடுத்துட்டா பெட்டி எதுக்கு, கோழி அடைக்கவா?"

மாமா குடுக்கலை. ஆனா குடுத்திருந்தாலும் நான் அவரைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டேன். இதை நம்ம ஆளுங்க யோசிக்கணும். மைக் செட் தொழில்ல இன்னிக்கு வால்வுப் பெட்டிக்கு வாடகை யார் தர்றா? கல்யாண வீட்டுக்கு டப்பா டப்பாவா பாஸ் ஸ்பீக்கர் கேக்கறாங்க. அவருக்கு அந்தப் பணம் வலை வாங்கற பணம், பேத்தியோட ஃபீஸ். 'பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க'ன்னு பெங்களூர்ல ஏசியில உக்காந்துக்கிட்டு நான் சொல்றது சுலபம். அந்த விலையை ஏத்தி விடறது யாரு? நாம. ஒரே வீட்டு வரைபடத்துல செஞ்ச ரெண்டு வால்வுல ஒண்ணுக்கு பத்து மடங்கு குடுக்கறது நாம. அந்தப் பத்து மடங்குதான் வியாபாரியை முட்டம் வரைக்கும் பஸ் ஏத்தி விடுது.

"வால்வு எப்படியும் தேயற சாமான்தானே, எங்க ஓடினா என்ன?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவுட்புட் வால்வுக்கு ஆயுசு சில ஆயிரம் மணி நேரம்தான். வாதத்துல ஓட்டை எங்கன்னா, கழட்டின வால்வுங்கள்ல பல ஓடறதே இல்ல. அலமாரியில பெட்டியோட நிக்குது, அடுத்த விலை ஏத்தத்துக்குக் காத்துக்கிட்டு. 2022 மார்ச்சுல ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டப்போ பார்த்தோமே, விரல் விட்டு எண்ணற தொழிற்சாலைங்களை நம்பி இருக்கற உலகம் இது. ஒரே வாரத்துல கிடைக்கற வால்வை எல்லாம் வாரிக் கட்டினாங்க. அந்த மாதிரி நேரத்துல மாமா மாதிரி ஆளுக்கு மாத்திப் போட ஒரு ஈஎல்84 கிடைக்கலைன்னா பெட்டி ஊமை. அப்ப ஏதோ ஒரு பழைய ரேடியோ கடையில தூங்கற பெல்தான் கை குடுக்கும். அதையும் மட்டம்னு குப்பையில போடச் சொல்லாதீங்க.

நான் பண்ணினது இவ்வளவுதான். போன தடவை ஊருக்குப் போனப்போ மாமாவோட பெட்டியில கப்ளிங் கெப்பாசிட்டர் நாலையும் மாத்தினேன், சாக்கெட்டைத் துடைச்சேன், மல்லார்டைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டு பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல வாங்கின ஒரு பெல் ஈஎல்84 ஜோடியைப் போட்டேன். மாமா குழாய் பக்கம் காதை வெச்சுக் கேட்டுட்டு 'பழைய சத்தந்தாம்டே'ன்னார். மல்லார்ட் ஜோடி டப்பாவோட அவர்கிட்டயே இருக்கு. விக்கறதா வேண்டாமாங்கறது அவர் இஷ்டம், பெட்டி இனி பாடும்.

பின்னூட்டத்துல ஒரு உதவி வேணும். பெல் வால்வு யார் வீட்லயாவது இருந்தா, அடிப்பக்கமும் பக்கவாட்டும் தெரியற மாதிரி போட்டோ போடுங்க. என்ன எண், என்ன எழுத்து, கெட்டர் என்ன வடிவம், எந்த ரேடியோவுலேருந்து வந்ததுன்னு சேர்த்து எழுதுங்க. பிளாக்பர்ன் வால்வுக்கு வெள்ளைக்காரன் எழுத்து எழுத்தா அட்டவணை போட்டு வெச்சிருக்கான். நம்ம ஜாலஹள்ளி வால்வுக்கும் தமிழ்ல ஒண்ணு தொகுக்கலாம்னு ஆசை. பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு நல்லா நேரம் விடுங்க, உள்ள இருக்கற கெப்பாசிட்டர் 300 வோல்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். அப்புறம் வால்வு மேல தூசி இருக்கேன்னு துணியால அழுத்தித் துடைச்சுடாதீங்க. எழுத்து அப்படியே துணியோட வந்துடும்.